வீட்டிலேயே கேம் ஷாஃப்டும் டைமிங் செயினும் மாற்றுவது: வேகன்ஆர் கே10பி என்ஜினை வைத்து ஒரு முழு வழிகாட்டி

காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிரைவர் பக்கத்து ஓரத்திலிருந்து, தகர டப்பாவுக்குள் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போல இரண்டு மூன்று நொடி ஒரு சத்தம் வரும், அப்புறம் தானாக அடங்கிவிடும். எங்கள் வீட்டு வேகன்ஆரில் இப்படித்தான் தொடங்கியது. ஆறு மாதத்தில் அந்த இரண்டு நொடி பத்து நொடியானது, கூடவே மேலே ஒரு டிக் டிக் சேர்ந்துகொண்டது. என்ஜின் மேல் மூடியான டேப்பெட் கவரைத் திறந்து பார்த்தபோது எக்ஸாஸ்ட் கேமில் ஒரு லோப் (வால்வை அழுத்தித் திறக்கும் மேடு) நகத்தால் கீறினால் தட்டுப்படும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம், அதை என்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்கோடு சேர்த்துச் சுற்றவைக்கும் செயின் இரண்டையும் வீட்டு வாசலிலேயே மாற்றினேன், மூன்று நாள் ஆனது. அதில் கற்றதையும் அதற்குப் பிறகு இரண்டு வண்டிகளில் செய்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

இந்த வேலைக்குப் பெரிய பலமெல்லாம் வேண்டாம், கிராங்க் புல்லி போல்ட்டைத் தவிர. வேண்டியது ஒன்றுதான்: எந்தப் பாகம் எந்த நிலையில் நிற்கிறது என்று தெரியாமல் எதையும் சுற்றக் கூடாது. கீழே நான் திரும்பத் திரும்பக் குறி, குறி என்று சொல்வது சலிப்பாக இருக்கலாம், ஆனால் வீட்டில் செய்து என்ஜினைக் கெடுத்துக்கொண்ட கதைகளில் முக்கால்வாசி அங்கேதான் போய் முடிகின்றன.

முதலில் என்ஜினைப் பற்றி. கே10பி என்பது 998 சிசி, மூன்று சிலிண்டர், பன்னிரண்டு வால்வு, மேலே இரண்டு கேம். 2008 கடைசியில் ஏ-ஸ்டாரில் வந்தது, 2010-இல் ஆல்டோ கே10, புதிய வேகன்ஆர், பிறகு செலேரியோ. இதற்கு முந்தைய வேகன்ஆரில் இருந்த 1061 சிசி என்ஜினுக்கு டைமிங் பெல்ட், அதனால்தான் இன்றும் சிலர் "இத்தனை கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும்" என்று வேகன்ஆருக்குப் பொதுவாகச் சொல்கிறார்கள். செயினுக்கு அப்படிக் கெடு கிடையாது. ஆயில் சுத்தமாக இருந்தால் என்ஜின் காலம் முழுக்க ஓடும், ஆயில் கெட்டால் ஒரு லட்சம் கூடத் தாண்டாது. வேறு கார் வைத்திருப்பவர்களுக்கும் இந்த முறையின் முக்கால் பங்கு பொருந்தும், ஆனால் குறிகளும் டார்க் எண்களும் வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் என்ஜினுக்கான சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

சத்தம் செயினிலிருந்துதானா?

இதை உறுதி செய்யாமல் ஒரு போல்ட்டைக் கூடத் தொட வேண்டாம். முதலில் டிப் ஸ்டிக், ஆயில் குறைவாக இருந்தாலே, ஆயில் அழுத்தத்தில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்து செயின் அடிக்கும். அடுத்தது ஆயில் ஃபில்டர். நல்ல ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வால்வு இருக்கும், என்ஜின் நின்றதும் ஆயில் கீழே வடிந்துவிடாமல் அது தடுக்கும். மலிவான ஃபில்டரில் அந்த வால்வு சரியாக வேலை செய்யாது, ராத்திரி முழுக்க வடிந்து, காலையில் டென்ஷனருக்கு ஆயில் போய்ச் சேரவே இரண்டு நொடி ஆகும். ஃபில்டரை மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுற்றும் வெளிப்பக்க பெல்ட்டைக் கழற்றிவிட்டு என்ஜினை ஒரு அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். வாட்டர் பம்ப் சுற்றாது, அதனால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. சத்தம் போய்விட்டால் குற்றவாளி ஆல்டர்னேட்டர் பேரிங்கோ டென்ஷன் புல்லியோதான், செயின் இல்லை. சத்தம் அப்படியே இருந்தால் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை டைமிங் கவரில் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேளுங்கள். செயின் சத்தம் கரகரவென்று ஒழுங்கில்லாமல் வரும். டேப்பெட் (லோபுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் சின்னக் கிண்ணம்) சத்தம் கடிகாரம் போல ஒரே சீராக, கிராங்க் இரண்டு சுற்றுக்கு ஒரு தட்டு என்ற கணக்கில் வரும். என்ஜின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் இருந்தால் செருகிப் பாருங்கள், பி0016 என்ற கோட் வந்தால் கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் சொல்வது ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று அர்த்தம். செயின் நீண்டுபோனாலும் ஒரு பல் தாண்டியிருந்தாலும் அது வரும், சென்சாரோ வயரிங்கோ கெட்டாலும் வரலாம்.

கடைசியாக டேப்பெட் கவரைத் திறந்து டார்ச் அடித்து ஒவ்வொரு லோபாகப் பாருங்கள். நல்ல லோப் கண்ணாடி போலவோ லேசான மங்கலோடோ இருக்கும். குழி, கோடு, நீலம் பாய்ந்த தடம், ஓரம் மழுங்கல் இதில் எது இருந்தாலும் கேம் போய்விட்டது. இங்கேயே ஒரு கேள்வியையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஏன் போனது? கேம் சும்மா தேயாது, பெரும்பாலும் ஆயில் சரியாக வராததால்தான் தேயும். எங்கள் வண்டியில் காரணம் சேம்பருக்குள் (என்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

என்னென்ன வாங்க வேண்டும்

செயின், டென்ஷனர், நிலையான கைடு, டென்ஷனர் தள்ளும் அசையும் கைடு, கிராங்க் ஸ்ப்ராக்கெட், கேம் ஸ்ப்ராக்கெட்டுகள், இவற்றை ஒரே செட்டாக மாற்றுங்கள். பழைய ஸ்ப்ராக்கெட்டில் புதுச் செயினைப் போடுவது, தேய்ந்த அம்மிக்குப் புதுக் குழவி வாங்குவது போல, சேராது, சீக்கிரமே இரண்டும் கெடும். கூடவே கிராங்க் முன் ஆயில் சீல், டேப்பெட் கவர் பேக்கிங், ஆயில் ஸ்ட்ரெய்னர் ஓ-ரிங், ஆயில், ஃபில்டர், நல்ல ஆர்டிவி சிலிகான் ஒரு ட்யூப். கேம் இரண்டில் ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் ஒன்று மட்டும் மாற்றலாம், தவறில்லை.

வாங்கும் இடம் முக்கியம். சேஸிஸ் நம்பரைக் கொடுத்துப் பார்ட் நம்பர் எடுத்து, கம்பெனி ஸ்பேர்ஸ் கவுன்டரிலேயே வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குப் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் ஞாபகத்துக்கு வரும். கதவு, லைட், பம்பருக்குப் பழைய சாமான் தாராளமாக வாங்கலாம், கேமும் செயினும் மட்டும் வேண்டாம். கழற்றிப் போட்ட கேம் எந்த ஆயிலில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது.

கருவிகளில் சாதாரண சாக்கெட் செட் போக, இவை கட்டாயம்: சின்ன போல்ட்டுகளுக்கு 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று, பெரியதற்கு 200 வரை போகும் இன்னொன்று, ஃபீலர் கேஜ், மைக்ரோமீட்டர், நல்ல ஜாக், இரண்டு ஸ்டாண்டு, கிராங்க் புல்லியைப் பிடிக்கும் ஹோல்டர், என்ஜினை மேலிருந்து தொங்கவிட ஒரு சப்போர்ட் பார். பெரிய ரெஞ்சை வைத்து 10 நியூட்டன் மீட்டர் முறுக்க முயலாதீர்கள், அந்த அளவில் அது சரியாகக் காட்டாது, அலுமினிய ஹெட்டில் மரை பிய்ந்து கையோடு வந்துவிடும்.

கழற்றும் வரிசை

என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். முந்தின ராத்திரியே நிறுத்திவிட்டு விடியற்காலையில் தொடங்குவது நல்லது. பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். முன் வலது சக்கரத்தைத் தூக்குமுன் கிராங்க் புல்லி போல்ட்டைத் தளர்த்தப் பாருங்கள், நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போது ஐந்தாவது கியர் போட்டு, வீட்டில் ஒருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி, நீளக் கைப்பிடியால் ஒரே சீராக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். இடம் போதாவிட்டால் சக்கரத்தைக் கழற்றி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு ஹோல்டரை மாட்டித் தளர்த்துங்கள். ஸ்பேனரை மாட்டிவிட்டு செல்ஃப் மோட்டாரைத் தட்டி போல்ட்டை உடைக்கும் வித்தையைத் தயவுசெய்து செய்ய வேண்டாம், கை எலும்பு போயிருக்கிறது சிலருக்கு.

சரி, அடுத்தது. ஆயிலை வடியுங்கள், ஒரு பழைய வெள்ளைத் துணி வழியாக வடித்து என்ன நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டி, காயில்கள், ஸ்பார்க் பிளக்குகள், டேப்பெட் கவர், பெல்ட், வாட்டர் பம்ப் புல்லி, இவையெல்லாம் நேரான வேலை. பிளக்குகளைக் கழற்றுவது கிராங்கைக் கையால் சுற்றும்போது எதிர்ப்பு இல்லாமல் இருக்க. பிளக் ஓட்டைகளை உடனே துணியால் அடைத்துவிடுங்கள், ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் ஹெட்டையே தூக்க வேண்டிவரும். ஏசி பைப் எதையும் திறக்க வேண்டாம், இடைஞ்சலாக இருந்தால் கம்ப்ரெசரை அப்படியே ஓரமாக நகர்த்திக் கட்டி வையுங்கள்.

இப்போது பலரும் தடுமாறும் இடம். டைமிங் கவரை எடுக்க வலது என்ஜின் மவுன்ட் கழற்ற வேண்டும், அதற்கு என்ஜினைத் தாங்க வேண்டும். ஜாக்கை அடியில் வைத்துத் தாங்கிவிடலாம் என்று தோன்றும், ஆனால் கவரின் அடிப்பாகம் சேம்பரோடு ஒட்டியிருப்பதால் சேம்பரையும் கழற்றியாக வேண்டும், ஜாக்கை வைக்க இடமே இருக்காது. அதனால்தான் மேலிருந்து தொங்கவிடச் சொன்னேன். இரண்டு ஃபெண்டர் ஓரங்களிலும் பார் உட்கார்ந்து, என்ஜினில் இருக்கும் தூக்கு வளையத்தில் சங்கிலி மாட்டி, மவுன்ட்டில் பாரம் இல்லாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். தூக்கிவிடாதீர்கள், அந்தப் பக்கத்து டிரைவ் ஷாஃப்டும் எக்ஸாஸ்ட் பைப்பும் இழுபடும். வண்டிக்கு அடியில் போகும் ஒவ்வொரு முறையும் ஸ்டாண்டைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள், ஜாக்கை மட்டும் நம்பி ஒரு நிமிடம் கூட அடியில் இருக்கக் கூடாது.

கவர் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து, போல்ட் இருக்கும் இடத்தில் ஓட்டை போட்டு, கழற்றக் கழற்ற அதிலேயே குத்தி வையுங்கள். நீள போல்ட்டைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் பிளாக்கே வெடிக்கும். கவரையும் சேம்பரையும் பிரிக்க ஸ்க்ரூ டிரைவரால் நெம்ப வேண்டாம், சிலிகான் ஒட்டிய முகத்தில் கீறல் விழுந்தால் அங்கேதான் பிறகு ஆயில் கசியும். நெம்புவதற்கென்றே ஓரத்தில் துருத்திய இடங்கள் இருக்கும், அங்கே தொடங்கி மெல்லிய பிளேடை ஓட விடுங்கள்.

கவர் போனதும் செயின் முழுசாகக் கண்ணில் படும். உடனே கைவைக்காமல் கிராங்க் போல்ட்டைத் திரும்ப மாட்டி, கடிகார முள் திசையில் மெதுவாகச் சுற்றி, கிராங்க் கீ (ஸ்ப்ராக்கெட் கிராங்கில் நழுவாமல் பிடிக்கும் சின்னத் துண்டு) பிளாக்கில் இருக்கும் குறிக்கு நேராகவும், இரண்டு கேம் ஸ்ப்ராக்கெட் குறிகளும் ஹெட்டில் இருக்கும் குறிகளுக்கு நேராகவும் கொண்டு வாருங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று, அதனால் கீ சரியாக நின்று கேம் குறிகள் தலைகீழாக இருந்தால் கிராங்கை இன்னும் ஒரு முழுச் சுற்று. இதை நான்கு கோணத்தில் போட்டோ எடுங்கள், வெள்ளை மார்க்கரால் நீங்களே கூடுதலாகக் கோடும் போட்டு வையுங்கள். செயின் நீண்டிருந்தால் கேம் குறிகள் கொஞ்சம் பின்தங்கி நிற்கும், பயப்பட வேண்டாம், நீங்கள் அதற்காகத்தானே மாற்றுகிறீர்கள்.

கேமைத் தொடுமுன் இன்னொரு வேலை இருக்கிறது. செயின் மாட்டியிருக்கும் இந்த நிலையிலேயே சுற்றிச் சுற்றிப் பன்னிரண்டு வால்வின் கிளியரன்ஸையும் (லோபுக்கும் டேப்பெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி) ஃபீலர் கேஜால் அளந்து எழுதி வையுங்கள். லோபின் மூக்கு டேப்பெட்டுக்கு நேர் எதிராக மேலே பார்க்கும்போது அளக்க வேண்டும். பிறகு திரும்பவும் குறிகளுக்குக் கொண்டு வாருங்கள்.

டென்ஷனரைக் கழற்றி, கைடுகளை எடுத்து, செயினை உருவுங்கள். இந்த நொடியிலிருந்து கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. எதையும் சுற்ற வேண்டாம். வால்வும் பிஸ்டனும் முட்டும் என்றே எப்போதும் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கேமை எடுப்பது

கேம் கேப்புகள் ஒவ்வொன்றும் அந்தந்த இடத்தில் ஹெட்டோடு சேர்த்தே துளைக்கப்பட்டவை, இடம் மாற்றிப் போட்டால் கேம் இறுகும், இல்லை ஆட்டம் காணும். மேலே இன்டேக்கா எக்ஸாஸ்ட்டா என்ற எழுத்து, வரிசை எண், செயின் பக்கம் பார்க்கும் அம்பு எல்லாம் இருக்கும். அழுக்கில் தெரியாவிட்டால் துடைத்துப் பார்த்துப் படம் எடுங்கள். போல்ட்டுகளை மேனுவலில் இருக்கும் வரிசையில் அரை அரைச் சுற்றாக எல்லாவற்றையும் சேர்த்துத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். ஒரு முனையை மட்டும் முழுதாகக் கழற்றினால் வால்வு ஸ்பிரிங்குகள் அந்த முனையைத் தூக்கி, கேமை முறிக்கும் அல்லது கேப்பை உடைக்கும். கேப் உடைந்தால் தனியாகக் கிடைக்காது, ஹெட்டே போச்சு.

டேப்பெட்டுகளைக் காந்தத்தால் தூக்கி முட்டை அட்டையில் வரிசையாக வையுங்கள், அட்டையில் இன்டேக், எக்ஸாஸ்ட், சிலிண்டர் எண் எழுதியபடி. ஒவ்வொன்றின் தலையையும் பாருங்கள். தேய்ந்த லோபுக்கு அடியில் இருந்த டேப்பெட்டும் கட்டாயம் தேய்ந்திருக்கும், அதைப் புதுக் கேமோடு போடக் கூடாது.

இப்போது ஹெட்டில் கேம் உட்காரும் இடங்களைப் பாருங்கள். இந்த என்ஜினில் தனி பேரிங் கிடையாது, அலுமினியத்தின் மீதே கேம் சுற்றுகிறது. விரலால் தடவும்போது ஆழமான கோடு தட்டுப்பட்டால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். புதுக் கேம் போட்டாலும் அந்தக் கோடு வழியாக ஆயில் அழுத்தம் ஓடிவிடும், சில ஆயிரம் கிலோமீட்டரில் திரும்ப இதே இடத்துக்கு வருவீர்கள். ஹெட்டை நல்ல லேத்தில் காட்டிவிட்டு முடிவெடுங்கள். லேசான மங்கல் மட்டும்தான் என்றால் தொடரலாம். ஆயில் வரும் சின்னத் துளைகளில் கார்ப் கிளீனர் அடித்து, காற்றடித்து, மறுபக்கம் வருகிறதா பாருங்கள். பழைய கேமின் லோப் உயரத்தை மைக்ரோமீட்டரில் அளந்து புதியதோடு ஒப்பிட்டால் எவ்வளவு தேய்ந்தது என்பது உறுதியாகத் தெரியும்.

அடுத்து சேம்பருக்குள் இருக்கும் ஸ்ட்ரெய்னர். எங்கள் வண்டியின் கதை இங்கேதான் இருந்தது. அதற்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஆயில் கசிவுக்காகச் சேம்பரைக் கழற்றி மாட்டியிருந்தார்கள், சிலிகானை அள்ளிப் பூசியிருந்தார்கள். உள்ளே பிதுங்கியது காய்ந்து துண்டு துண்டாக உதிர்ந்து, ஸ்ட்ரெய்னர் வலையில் கால்வாசியை மூடியிருந்தது. ஐடிலில் எப்படியோ சமாளித்திருக்கிறது, மேலே கடைசியில் இருக்கும் கேமுக்கு மட்டும் ஆயில் பஞ்சம். அந்த வலையைப் பார்த்தபோது எனக்கு வந்த வருத்தம் கொஞ்சமில்லை, ஒரு ஸ்பூன் சிலிகான் மிச்சம் பிடித்திருந்தால் அந்தக் கேம் இன்னும் ஓடியிருக்கும். அதனால்தான் காரணத்தைத் தேடாமல் கேமை மட்டும் மாற்றாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

புதுக் கேமும் கிளியரன்ஸும்

கேம்கள் வெளியே இருக்கும்போது எல்லா வால்வுகளும் மூடியிருக்கும், இந்த ஒரு கட்டத்தில் மட்டும் கிராங்கைப் பயமில்லாமல் சுற்றலாம். இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கிராங்கைக் குறியிலிருந்து சுமார் 60 டிகிரி பின்னோக்கி, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுங்கள். மூன்று சிலிண்டர் என்ஜினில் பிஸ்டன்கள் 120 டிகிரி இடைவெளியில் இருப்பதால், இந்த நிலையில் எதுவுமே உச்சியில் இருக்காது. என் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம், பிளக் ஓட்டை மூன்றிலும் ஒரு நீள மூங்கில் குச்சியைக் கையில் பிடித்தபடியே விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இனி கேமை மாட்டிச் சுற்றினாலும் வால்வு பிஸ்டனைத் தொடாது.

டேப்பெட், லோப், ஜர்னல் (ஹெட்டில் உட்கார்ந்து சுற்றும் கேமின் உருண்டைப் பகுதி) எல்லாவற்றிலும் புது என்ஜின் ஆயில் தாராளமாகத் தடவுங்கள், லோபில் அசெம்ப்ளி லூப் இருந்தால் இன்னும் நல்லது. கேமை அதன் குறி கிட்டத்தட்ட ஹெட் குறிக்கு நேராக வரும்படி படுக்க வைத்து, கேப்புகளை எண்ணும் அம்பும் பார்த்து வைத்து, நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில் மூன்று நான்கு சுற்றுகளாக இறுக்குங்கள். இந்த மாதிரி 6 மி.மீ. போல்ட்டுகளுக்குப் பொதுவாக 10, 12 நியூட்டன் மீட்டர்தான் வரும், மேனுவல் எண் எதுவோ அதையே வையுங்கள். இறுக்கி முடித்ததும் கேமின் அறுகோணப் பகுதியில் ஸ்பேனர் வைத்துச் சுற்றிப் பாருங்கள். ஸ்பிரிங் எதிர்ப்பு ஏறி இறங்குவது சரி, ஒரே இடத்தில் பிடித்தால் கேப் மாறியிருக்கிறது அல்லது அடியில் தூசி இருக்கிறது.

பிறகு கிளியரன்ஸ். இந்த என்ஜினில் ஹைட்ராலிக் டேப்பெட் இல்லை, இடைவெளி தானாகச் சரியாகாது, டேப்பெட்டின் தடிமனைத் தேர்ந்தெடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். இந்த வகை என்ஜின்களில் குளிர்ந்த நிலையில் இன்டேக்குக்கு 0.20 மி.மீ. சுற்று வட்டாரத்திலும் எக்ஸாஸ்ட்டுக்கு 0.30 சுற்று வட்டாரத்திலும் வரும், உங்கள் மாடலுக்கான துல்லியமான எண் மேனுவலில் இருக்கும். கணக்கு எளிது. பழைய தடிமனோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழியுங்கள். டேப்பெட் 3.10 மி.மீ., அளந்தது 0.27, வேண்டியது 0.20 என்றால் 3.17 வேண்டும். பழைய செட்டுக்குள்ளேயே இடம் மாற்றினால் பாதி சரியாகிவிடும், அதற்காகத்தான் முட்டை அட்டையும் மைக்ரோமீட்டரும். புதிதாக வாங்க வேண்டியதற்கு ஆர்டர் போட்டு ஒன்றிரண்டு நாள் காத்திருக்க நேரலாம், எனக்கும் நேர்ந்தது. அதுவரை ஹெட்டைச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள், மணலும் பூனை முடியும் எங்கிருந்துதான் வருமோ.

இறுக்கமான கிளியரன்ஸை "சத்தம் கம்மியாக இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். சூட்டில் வால்வு நீளும்போது முழுதாக மூடாமல், எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பு எரிந்துபோகும். கொஞ்சம் அதிகமாக இருப்பது சத்தத்தோடு போகும், குறைவாக இருப்பதுதான் ஆபத்து.

செயின் மாட்டுவது

இரண்டு கேம் குறிகளையும் ஹெட் குறிகளுக்குக் கொண்டு வாருங்கள், அதன் பிறகு கிராங்கைப் பின்னோக்கிச் சுற்றிய அதே 60 டிகிரியை முன்னோக்கிச் சுற்றி, கீயைக் குறிக்குக் கொண்டு வாருங்கள். வேறு பாதையில் சுற்றிப் போக வேண்டாம். எங்காவது லேசாகத் தடுத்தாலும் நிறுத்திவிட்டு யோசியுங்கள், பலம் கொடுக்கக் கூடாது.

புதுச் செயினில் மூன்று தகடுகள் நிறம் மாறி இருக்கும். இரண்டு ஒரே நிறம், ஒன்று வேறு. தனியாக இருப்பது கிராங்க் ஸ்ப்ராக்கெட் குறிக்கு, மற்ற இரண்டும் கேம்களுக்கு. நிலையான கைடு இருக்கும் பக்கம் செயின் விறைப்பாக இருக்க வேண்டும், தொய்வு எல்லாம் டென்ஷனர் பக்கமே சேர வேண்டும். இதில் தவறினால் டென்ஷனர் இழுத்ததும் கேம் ஒரு பல் நகர்ந்து நிற்கும். ஒரு நிறத் தகடு அரைப் பல் தள்ளி நின்றால் கேமை அறுகோணத்தில் பிடித்து ஒரு மயிரிழை திருப்பி உட்கார வையுங்கள்.

புது டென்ஷனரின் பிளன்ஜரை அழுத்தி உள்ளே தள்ளி, பூட்டுத் துளையில் ஒரு மெல்லிய கம்பியைச் செருகியிருப்பார்கள், இல்லாவிட்டால் நீங்கள் செருகுங்கள். மாட்டி இறுக்கி, மூன்று நிறத் தகடுகளையும் இன்னொரு முறை பார்த்துவிட்டு, கம்பியை உருவுங்கள். பிளன்ஜர் டக்கென்று வெளியே வந்து கைடைத் தள்ள வேண்டும். உருவிய கம்பியை வீட்டில் இன்னொருவர் கையில் கொடுத்துவிடுங்கள், அது வெளியே இருக்கிறதா என்று ராத்திரி பதினொரு மணிக்குச் சந்தேகம் வரும்.

இப்போது கிராங்க் போல்ட்டில் நீளக் கைப்பிடி மாட்டி, கடிகார முள் திசையில், முழுதாக இரண்டு சுற்று, மெதுவாக, கையால். அவசரமே வேண்டாம். கீயும் கேம் குறிகளும் அதே இடத்துக்குத் திரும்பி வந்தால் டைமிங் சரி. நிறத் தகடுகள் மட்டும் இடம் மாறியிருக்கும், அது இயல்புதான். செயினின் மொத்தத் தகடு எண்ணிக்கைக்கும் பல் எண்ணிக்கைக்கும் உள்ள கணக்குப்படி அவை திரும்பப் பொருந்தப் பல சுற்றுகள் ஆகும். இது தெரியாமல் பதறி, சரியாக இருந்த செயினைக் கழற்றித் தப்பாக மாட்டியவர்கள் உண்டு. குறிகளைப் பாருங்கள், தகடுகளை மறந்துவிடுங்கள். நான் இன்னும் இரண்டு சுற்று சுற்றித் திரும்பப் பார்ப்பேன், அதோடு பன்னிரண்டு கிளியரன்ஸையும் கடைசியாக ஒரு முறை அளப்பேன்.

மூடுவது, முதல் ஸ்டார்ட்

ஒட்டும் முகங்களைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். டிரில்லில் மாட்டும் தேய்ப்பு வட்டுகள் வேகமாகச் சுத்தம் செய்யும்தான், ஆனால் அதிலிருந்து உதிரும் தூள் ஆயிலோடு போய் பேரிங்கைத் தின்னும். ஆயில் பம்ப் டைமிங் கவருக்குள்ளேயே இருக்கிறது, மாட்டுமுன் அதற்குள் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றி நனைத்து வையுங்கள், காய்ந்த பம்ப் முதல் ஸ்டார்ட்டில் ஆயிலை இழுக்கத் திணறும். புது முன் சீலை வாயில் ஆயில் தடவி, நேராகத் தட்டி உட்கார வையுங்கள். சிலிகான் 3 மி.மீ. அளவில் ஒரே இழை, போல்ட் ஓட்டைகளுக்கு உள்பக்கமாக, அவ்வளவுதான். ஹெட்டும் பிளாக்கும் சேரும் மூலைகளில் மட்டும் ஒரு துளி கூடுதல். கவர், ஸ்ட்ரெய்னருக்குப் புது ஓ-ரிங், சேம்பர், மவுன்ட், கிராங்க் புல்லி. புல்லி போல்ட் 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் கேட்கும், மேனுவல் எண்ணைப் பார்த்து முழுதாகக் கொடுங்கள், அது தளர்ந்தால் கீயே வெட்டிக்கொள்ளும். எல்லாம் மாட்டி, ஒரு ராத்திரி காய விடுங்கள்.

மறுநாள் புது ஃபில்டர், புது ஆயில், சுமார் 3 லிட்டர் போகும், டிப் ஸ்டிக் பார்த்து ஊற்றுங்கள். வடித்திருந்தால் கூலன்ட். பிளக்குகளைப் போடாமல், ஃப்யூயல் பம்ப் ரிலேயைக் கழற்றி, காயில் கனெக்டர்களைப் பிடுங்கிவிட்டு, ஐந்து ஐந்து நொடியாக செல்ஃப் அடியுங்கள், ஆயில் விளக்கு அணையும் வரை. அணையவில்லை என்றால் அணையவில்லை, காரணம் தெரியாமல் பிளக்கை மாட்ட வேண்டாம். டேப்பெட் கவரில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் லோப்கள் நனைந்திருப்பது தெரிய வேண்டும்.

எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்தால் முதல் நொடிகளில் கொஞ்சம் கரகரப்பு வரும், டென்ஷனரில் காற்று போகும் வரைதான். பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் நீடித்தால் அணைத்துவிடுங்கள். ஐடில் ஆடினாலோ செக் என்ஜின் விளக்கு எரிந்து பி0016 வந்தாலோ ஓட்டிப் பார்ப்போமே என்று கிளம்ப வேண்டாம், ஒரு பல் தள்ளியிருக்கலாம், டேப்பெட் கவரைத் திறந்து குறிகளைப் பாருங்கள். சத்தம் சரியாக இருந்தால் ஃபேன் ஓடும் வரை ஐடிலில் விட்டு, கசிவு பார்த்து, ஸ்கேனரில் பழைய கோளாறுக் கோட்களை அழித்து, மெதுவாக ஒரு சுற்று போய் வாருங்கள்.

500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், செலவைப் பார்க்காதீர்கள். கழற்றிய ஃபில்டரை ரம்பத்தால் அறுத்தால் அந்தத் தூள் உள்ளே கலந்துவிடும், டின் கட்டரால் வெட்டித் திறந்து, காகிதத்தை விரித்து வெயிலில் பாருங்கள். பழைய கேமின் மிச்சமாக மெல்லிய சாம்பல் பூச்சு இருந்தால் பரவாயில்லை. மின்னும் செதில்கள் இருந்தால் ஏதோ ஒன்று இன்னும் தேய்கிறது, திரும்பவும் டேப்பெட் கவரைத் திறந்து லோப் லோபாகப் பாருங்கள். எங்கள் வண்டியின் ஃபில்டரில் பூச்சு மட்டும்தான் இருந்தது, கூடவே அரிசி அளவில் ஒரு பழைய சிலிகான் துண்டும்.